ஐந்து நிமிடப் பேச்சு

சிங்கப்பூரின் மேற்குக் கோடியில் இருப்பது துவாஸ். கிழக்கு மேற்கு எம்ஆர்டி பாதை இங்குதான் முடிகிறது. கடைசி நிலையமான துவாஸ் லிங்க் 2017ஆம் ஆண்டு ஜூன் மாதம் 18ஆம் தேதி திறக்கப்பட்டது. அதற்கு அப்பால் கப்பல் பட்டறைகள், தொழிற்சாலைகள், கட்டுமானத் தளங்கள், கடல். 2022ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் முதல் தேதி அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்ட துவாஸ் துறைமுகமும் இங்கேதான் படிப்படியாக வளர்ந்து வருகிறது. 2040களில் அது முழுமை பெறும்போது, ஆண்டுக்கு 65 மில்லியன் கொள்கலன்களைக் கையாளும் ஆற்றல் பெற்றிருக்கும்.

இந்த வட்டாரத்தில் நாள்தோறும் காலையில் ஏராளமான சொற்பொழிவுகள் நிகழ்கின்றன. அவற்றுக்கு மேடை இல்லை, மாலை மரியாதை இல்லை, கைதட்டலும் இல்லை. தலைக்கவசம் அணிந்த ஊழியர்கள் வட்டமாக நிற்பார்கள். நடுவில் நிற்கும் மேற்பார்வையாளர் ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ பேசுவார். அன்று செய்யவேண்டிய வேலை என்ன, அதில் உள்ள ஆபத்து என்ன, அதைத் தவிர்ப்பது எப்படி என்பவை அந்தப் பேச்சில் இடம்பெறும். பிறகு அனைவரும் வேலைக்குக் கலைந்து செல்வர். இதை ஊழியர்கள் ‘டூல்பாக்ஸ் மீட்டிங்’ என்று அழைப்பார்கள். கருவிப் பெட்டியைத் திறப்பதற்குமுன் நடக்கும் கூட்டம் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம்.

பேச்சுத்திறன் என்றதும் பலருக்கும் பட்டிமன்றமும் பேச்சுப் போட்டியும் நினைவுக்கு வரும். ஆனால், ஒரு பேச்சு எப்படி அமைய வேண்டும் என்பதைத் தெளிவாகக் கற்றுத் தரக்கூடியது இந்தக் காலைநேரக் கூட்டமே. காரணம், இங்கே பேச்சின் வெற்றியை நடுவர் முடிவு செய்வதில்லை. கேட்டவர் அன்று மாலை நலமாகத் தங்குவிடுதிக்குத் திரும்புவதில்தான் அது தெரியும்.

பேச்சுக்குப் பின்னால் இருக்கும் உயிர்கள்

2004ஆம் ஆண்டு சிங்கப்பூரின் வேலையிட வரலாற்றில் துயரமான ஆண்டு. ஏப்ரல் மாதம் 20ஆம் தேதி, எம்ஆர்டி சுரங்கப் பணி நடந்துகொண்டிருந்தபோது நிக்கல் நெடுஞ்சாலையின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது; நால்வர் உயிரிழந்தனர். அதே மாதம் 29ஆம் தேதி ஃபியூஷனோபொலிஸ் கட்டுமானத் தளத்தில் இருவர் மாண்டனர். மே மாதம் 29ஆம் தேதி, பழுதுபார்க்கப்பட்டுவந்த ஒரு கப்பலில் தீ மூண்டு எழுவர் இறந்தனர். ஆறு வாரங்களுக்குள் 13 உயிர்கள் போயின.

இந்த விபத்துகளுக்குப் பிறகு அரசாங்கம் வேலையிடப் பாதுகாப்பு முறையை அடிமுதல் மாற்றி அமைத்தது. வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2006ஆம் ஆண்டு மார்ச் மாதம் நடப்புக்கு வந்தது. 2004இல் 100,000 ஊழியர்களுக்கு 4.9 பேர் என்றிருந்த உயிரிழப்பு விகிதம், 2023இல் 0.99ஆகக் குறைந்தது. ஆயினும், 2024இல் அது மீண்டும் 1.2ஆக உயர்ந்தது. சட்டம், இயந்திரம், பயிற்சி என எல்லாம் இருந்தாலும், அன்றைய ஆபத்தை அன்றைய ஊழியரிடம் எடுத்துச் சொல்ல ஒரு மனிதரின் வாய்மொழி தேவைப்படுகிறது. அந்த வாய்மொழி தெளிவாக இருக்க வேண்டும்.

கேட்பவரிடமிருந்து தொடங்குதல்

துவாஸில் ஒரு மேற்பார்வையாளரைச் சுற்றி நிற்பவர்கள் தமிழகத்திலிருந்தும் பங்ளாதேஷிலிருந்தும் மியன்மாரிலிருந்தும் சீனாவிலிருந்தும் வந்தவர்களாக இருக்கக்கூடும். ஒருவர் பத்து ஆண்டு அனுபவம் உள்ளவர். மற்றொருவர் சென்ற வாரம் விமானத்திலிருந்து இறங்கியவர். எல்லாருக்கும் ஒரே சொல் புரியாது. ஆகவே, நல்ல மேற்பார்வையாளர், “நான் என்ன சொல்லப்போகிறேன்?” என்று தொடங்குவதில்லை. “இவர்களுக்கு ஏற்கெனவே என்ன தெரியும்? எந்த மொழியில் சொன்னால் புரியும்?” என்ற கேள்விகளிலிருந்து தொடங்குகிறார்.

கேட்பவரின் மொழியைத் தேடிச் சென்ற பேச்சாளருக்குச் சிங்கப்பூரிலேயே சிறந்த எடுத்துக்காட்டு உண்டு. நாட்டின் முதல் பிரதமர் லீ குவான் இயூ ஆங்கிலத்தில் மிகச் சிறந்த பேச்சாளர். ஆனால், 1961ஆம் ஆண்டு ஹொங் லிம் இடைத்தேர்தலின்போது அவர் சந்திக்க வேண்டியிருந்த மக்களில் பெரும்பாலோர் ஹொக்கியன் பேசுபவர்கள். எனவே, அவர் அந்த மொழியைக் கற்கத் தொடங்கினார். முதன்முறை ஹொக்கியனில் பேசியபோது, அவருடைய தவறான உச்சரிப்பைக் கேட்டுக் கூட்டத்திலிருந்த சிறுவர்கள் சிரித்தார்கள் என்று தம் நினைவுக் குறிப்புகளில் அவரே எழுதியிருக்கிறார். சிரிப்புக்கு அஞ்சி அவர் ஆங்கிலத்துக்குத் திரும்பிவிடவில்லை; தொடர்ந்து பயிற்சி செய்தார். தாம் நன்றாகப் பேசுவதைவிட மக்களுக்குப் புரியப் பேசுவது முக்கியம் என்று அவர் கருதியதே அதற்குக் காரணம்.

வகுப்பறையிலும் இதே கேள்வி எழுகிறது. தொடக்கநிலை இரண்டாம் வகுப்பு மாணவர்களிடம் மறுபயனீடு பற்றிப் பேசுவதும், பெற்றோரிடம் அதைப் பற்றிப் பேசுவதும் ஒன்றல்ல. தலைப்பு ஒன்றாக இருக்கலாம். கேட்பவர் மாறும்போது சொற்கள், எடுத்துக்காட்டுகள், பேச்சின் நீளம் யாவும் மாற வேண்டும்.

ஒரு பேச்சு, ஒரு கருத்து

கப்பலின் அடிப்பகுதியில் உள்ள தொட்டி ஒன்றில் வேலை செய்ய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மேற்பார்வையாளர் இப்படிப் பேசலாம்:

“எல்லாரும் பாதுகாப்பாக இருக்க வேண்டும். பாதுகாப்புதான் முக்கியம். தலைக்கவசம், காலணி, கையுறை எல்லாம் போட வேண்டும். விதிமுறைகளைப் பின்பற்ற வேண்டும். கவனக்குறைவாக இருக்கக் கூடாது. தண்ணீர் நிறையக் குடியுங்கள். கைப்பேசி பயன்படுத்தாதீர்கள். புரிந்ததா?”

இதில் தவறான செய்தி எதுவும் இல்லை. ஆனால், நினைவில் நிற்கும் செய்தியும் எதுவும் இல்லை. இதே பேச்சை எந்த நாளிலும் எந்த வேலைக்கும் பேசலாம். அதனால்தான், கேட்பவரின் காதில் அது விழுகிறது, மனத்தில் பதிவதில்லை.

மற்றொரு மேற்பார்வையாளர் இப்படிப் பேசுகிறார்:

“தம்பிகளா, இன்றைக்கு ஒரே ஒரு விஷயம்தான். மூன்றாம் தொட்டி பல நாளாக மூடியே கிடந்தது. உள்ளே இரும்பு துருப்பிடித்திருக்கிறது. இரும்பு துருப்பிடிக்கும்போது காற்றில் இருக்கும் ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாது, வாடையும் வராது. உள்ளே போனால் மயக்கம் வருவதற்குள் வெளியே வர முடியாது. அதனால், காற்றைச் சோதித்து, அனுமதிச் சீட்டை வாசலில் மாட்டும்வரை யாரும் உள்ளே போகக் கூடாது. உங்கள் கூட்டாளி உள்ளே விழுந்து கிடந்தாலும் போகக் கூடாது. வெளியே நிற்பவரிடம் சத்தம் போட்டுச் சொல்லுங்கள். மீட்புக் குழு வரும்.”

இரண்டாம் பேச்சு ஒரே கருத்தைச் சுற்றி அமைந்துள்ளது. அனுமதிச் சீட்டு இல்லாமல் உள்ளே போகக் கூடாது என்பதுதான் அது. மற்றவை எல்லாம் அந்தக் கருத்துக்குத் துணை நிற்கின்றன. பேச்சு ஒரு வரிசையிலும் செல்கிறது: ஆபத்து எங்கே இருக்கிறது, அது ஏன் ஏற்படுகிறது, என்ன செய்ய வேண்டும். காரணத்தை அறிந்த ஊழியர், மேற்பார்வையாளர் அருகில் இல்லாத நேரத்திலும் விதியைக் கடைப்பிடிப்பார். கட்டளையை மட்டும் கேட்டவர், யாரும் பார்க்கவில்லை என்றால் அதை மீறக்கூடும்.

அவர் சொன்ன செய்திக்கு அறிவியல் அடிப்படையும் உண்டு. சாதாரணக் காற்றில் ஏறத்தாழ 21 விழுக்காடு ஆக்சிஜன் இருக்கிறது. அடைபட்ட இடங்களில் அது 19.5 விழுக்காட்டுக்கும் 23.5 விழுக்காட்டுக்கும் இடையே இருப்பதைச் சோதித்து உறுதிசெய்ய வேண்டும் என்பது சிங்கப்பூரின் விதி. இந்த எண்களைப் பேச்சாளர் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். ஆனால், அவற்றையெல்லாம் பேச்சில் கொட்டவேண்டியதில்லை. பத்துச் செய்திகளைத் திரட்டி, அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சொல்வதற்கும் ஒரே ஒரு செய்தியை மட்டும் தெரிந்துகொண்டு சொல்வதற்கும் வேறுபாடு உண்டு. கேள்வி எழும்போது அந்த வேறுபாடு வெளிப்பட்டுவிடும்.

பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் உணவு வீணாவதைப் பற்றி ஒரு மாணவர் வகுப்பில் பேசவேண்டியிருந்தால், “உணவை வீணாக்கக் கூடாது” என்பது முதல் மேற்பார்வையாளரின் பேச்சைப் போன்றது. “பசி குறைவாக இருக்கும் நாளில், பாதிச் சோறு போதும் என்று கேட்டு வாங்குங்கள்” என்பது இரண்டாமவரின் பேச்சைப் போன்றது. கேட்டவர் அடுத்த இடைவேளையிலேயே அதைச் செய்து பார்க்கலாம்.

படவில்லையில் மறைந்துபோன செய்தி

இக்காலத்தில் பேச்சோடு படவில்லைகளும் சேர்ந்துகொண்டன. வகுப்பறையிலும் அலுவலகத்திலும் படவில்லை இல்லாத படைப்பைக் காண்பது அரிது. அவை பேச்சுக்குத் துணையாகலாம். பேச்சை மூழ்கடிக்கவும் செய்யலாம்.

2003ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் தேதி, கொலம்பியா விண்ணோடம் ஏழு விண்வெளி வீரர்களுடன் புறப்பட்டது. அவர்களுள் ஒருவர் இந்தியாவில் பிறந்த கல்பனா சாவ்லா. புறப்பட்ட சுமார் 82 விநாடியில், எரிபொருள் கலத்திலிருந்து பெயர்ந்த நுரைப்பொருள் துண்டு ஒன்று விண்ணோடத்தின் இடது இறக்கையைத் தாக்கியது. விண்ணோடம் வானில் சுற்றிக்கொண்டிருந்தபோதே பொறியாளர்கள் அந்தச் சேதத்தை ஆராய்ந்து, மேலதிகாரிகளுக்குப் படவில்லைகள் மூலம் விளக்கினார்கள்.

அவற்றுள் ஒரு படவில்லையின் தலைப்பு, நிலைமை கவலைக்குரியதல்ல என்ற எண்ணத்தைத் தந்தது. அதன்கீழே சிறு எழுத்துகளில், படிப்படியாக உள்ளொடுங்கிய பல வரிகள் இருந்தன. மிக முக்கியமான செய்தி கடைசியில் கிடந்தது. சோதனைகளில் பயன்படுத்திய துண்டின் கன அளவு 3 கன அங்குலம். இறக்கையைத் தாக்கிய துண்டோ ஏறத்தாழ 1,920 கன அங்குலம். அதாவது, 640 மடங்கு பெரியது. பழைய சோதனை முடிவுகளை வைத்து இந்தச் சேதத்தைக் கணிக்க முடியாது என்பதே அதன் பொருள். அந்தப் பொருள் தலைப்பில் இல்லை.

பிப்ரவரி முதல் தேதி பூமிக்குத் திரும்பும் வழியில் கொலம்பியா சிதறியது, எழுவரும் உயிரிழந்தனர். விபத்துக்கு அந்தப் படவில்லை மட்டுமே காரணம் அல்ல. எனினும், விபத்தை விசாரித்த குழு தன் அறிக்கையில் அந்தப் படவில்லையை எடுத்துக்காட்டி, முக்கியமான தகவல் பரிமாறப்பட்ட முறையைக் குறைகூறியது.

இதிலிருந்து படைப்புக்கு மூன்று பாடங்கள் கிடைக்கின்றன. முதலாவது, படவில்லையின் தலைப்பே அதன் முடிவைச் சொல்ல வேண்டும். ‘ஆய்வு முடிவுகள்’ என்று எழுதுவதைவிட, ‘மாணவர்களுள் பாதிப்பேர் காலையுணவு உண்பதில்லை’ என்று ஆய்வில் கண்டதையே எழுதுவது நல்லது. இரண்டாவது, ஒரு படவில்லைக்கு ஒரு கருத்தே போதும். மூன்றாவது, திரையில் உள்ளதை அப்படியே வாசிக்கக் கூடாது. வாசிக்க மட்டுமே செய்தால், பேசுபவர் அங்கு நிற்கவேண்டிய தேவையே இல்லை.

துவாஸில் திரை இல்லை. அங்கே மேற்பார்வையாளர், அறுந்த இழை ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிவடத்தைக் கையில் தூக்கிக் காட்டுவார். “இதைக் கொண்டு பாரம் தூக்கலாமா?” என்று கேட்பார். ஒரு பொருளைக் கண்ணால் காண்பது பத்து வரிகளை வாசிப்பதைவிட ஆழமாகப் பதியும்.

குரலும் நிற்கும் இடமும்

கப்பல் பட்டறையில் இரைச்சல் அதிகம். இரைச்சலை மீறிக் கத்துவது தீர்வாகாது, தொண்டைதான் கட்டும். அனுபவம் உள்ளவர் இயந்திரத்திலிருந்து தள்ளி, அமைதியான மூலையில் ஊழியர்களைக் கூட்டுவார். வெயில் தம் முகத்தில் படுமாறு நின்றுகொள்வார். அப்போதுதான் ஊழியர்களுக்குக் கண் கூசாது. எல்லாரும் தம் முகத்தைப் பார்க்க முடிகிறதா என்று ஒருமுறை கவனித்த பிறகே பேசத் தொடங்குவார்.

வகுப்பறையிலும் அப்படித்தான். திரைக்குமுன் நின்று மறைக்காமல், கடைசி வரிசையில் இருப்பவருக்கும் கேட்குமாறு பேசுவது கேட்பவருக்குச் செய்யும் மரியாதை. முக்கியமான சொல்லுக்குமுன் சற்று நிறுத்தினால், அந்தச் சொல்லுக்குக் கனம் கூடும். கண்கள் ஒருவர்மீதே பதிந்திருக்காமல், கூட்டம் முழுவதையும் மெதுவாகச் சுற்றிவர வேண்டும். ஆசிரியரை மட்டுமே பார்த்துப் பேசுபவர், மற்ற முப்பது பேரையும் பேச்சிலிருந்து வெளியேற்றிவிடுகிறார்.

‘புரிந்ததா?’ போதாது

“புரிந்ததா?” என்று கேட்டால், பெரும்பாலும் எல்லாரும் தலையாட்டுவார்கள். புரியாதவர் முதலில் தலையாட்டுவதும் உண்டு. பலர் முன்னிலையில் புரியவில்லை என்று சொல்ல யாருக்கும் தயக்கம் இருக்கும். புதிதாக வந்த ஊழியருக்கு அந்தத் தயக்கம் இன்னும் அதிகம்.

ஆகவே, நல்ல மேற்பார்வையாளர் கேள்வியை மாற்றிக் கேட்பார்: “தம்பி, மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வருகிறாய். உன் ஸ்பேனர் தொட்டிக்குள்ளே, கைக்கு எட்டுகிற தூரத்தில் கிடக்கிறது. என்ன செய்வாய்?”

“முதலில் வாசலில் சீட்டு மாட்டியிருக்கிறதா என்று பார்ப்பேன், அண்ணே.”

“இல்லையென்றால்?”

“ஸ்பேனர் அங்கேயே கிடக்கட்டும். உங்களிடம் வந்து சொல்வேன்.”

இந்த இரண்டு பதில்களும், செய்தி போய்ச் சேர்ந்துவிட்டதைக் காட்டுகின்றன. பதில் தவறாக வந்திருந்தாலும் இழப்பு இல்லை. திருத்திச் சொல்ல அப்போதே வாய்ப்புக் கிடைத்திருக்கும். விமானிகளும் இதே முறையைப் பின்பற்றுகிறார்கள். கட்டுப்பாட்டுக் கோபுரம் முக்கியமான உத்தரவு ஒன்றை இட்டால், விமானி அதைத் திரும்பச் சொல்ல வேண்டும். சொன்னது சரியாகக் கேட்டதா என்பதைக் கேட்டவர் வாயாலேயே உறுதிசெய்யும் முறை அது.

கேள்வி கேட்டபின் பேச்சாளர் சற்று அமைதியாக இருக்கவும் பழக வேண்டும். மனத்துக்குள் ஐந்து வரை எண்ணலாம். அந்த இடைவெளியில்தான் கூச்ச சுபாவம் உள்ள ஒருவர், “அண்ணே, ஏணி ஆடுகிறது” என்று சொல்லத் துணிவார். அந்த ஒரு வரி, அன்று பேசப்பட்ட எல்லாவற்றையும்விட முக்கியமானதாக இருக்கலாம். பேச்சாளர் கற்கவேண்டிய திறன்களுள் கேட்பதும் ஒன்று.

அவை அச்சம்

பலர்முன் எழுந்து நின்றதும் நெஞ்சு படபடக்கும்; நா வறளும்; கை நடுங்கும். இது குறைபாடு அன்று. ஆபத்து நெருங்குவதாக எண்ணும்போது உடல் தன்னைத் தயார்ப்படுத்திக்கொள்ளும் இயல்பான செயல் அது. அனுபவமிக்க பேச்சாளர்களுக்கும் இது நேர்வதுண்டு. அவர்கள் அச்சம் நீங்கும்வரை காத்திருப்பதில்லை. அச்சத்தோடு பேசத் தொடங்குகிறார்கள்.

திருக்குறளில் பேச்சாற்றலுக்குச் சொல்வன்மை, அவை அறிதல், அவை அஞ்சாமை என மூன்று அதிகாரங்கள் உள்ளன. அவற்றுள் அவை அறிதல் 72ஆம் அதிகாரம். அவை அஞ்சாமை 73ஆம் அதிகாரம். இந்த வரிசை சிந்திக்கத்தக்கது. கேட்பவரை அறிந்துகொள்வது முதலில் வருகிறது. அஞ்சாமல் பேசுவது அதன்பின் வருகிறது. “நான் எப்படித் தோன்றுகிறேன்?” என்று எண்ணும்வரை அச்சம் பெருகும். “இவர்களுக்கு இது புரிகிறதா?” என்று எண்ணத் தொடங்கியதும் கவனம் தன்னைவிட்டு அகன்று, கூட்டத்தின்பால் செல்லும். அச்சமும் மெல்லக் குறையும்.

செய்யக்கூடிய எளிய பயிற்சிகளும் உண்டு. முதல் இரண்டு வாக்கியங்களை நன்றாக மனத்தில் பதித்துக்கொண்டால், தடுமாற்றம் மிகுந்த அந்தத் தொடக்க நேரத்தைக் கடந்துவிடலாம். பேச்சு முழுவதையும் மனப்பாடம் செய்வது ஆபத்தானது. ஒரு சொல் மறந்தால் எல்லாமே நின்றுவிடும். ஒரு சிறு அட்டையில் நான்கைந்து குறிப்புச் சொற்களை எழுதி வைத்துக்கொண்டால் போதும். ஒத்திகையை மனத்துக்குள் செய்யாமல், எழுந்து நின்று, வாய்விட்டுச் செய்ய வேண்டும்; கடிகாரத்தைப் பார்த்துச் செய்ய வேண்டும். முடிந்தால், தலைப்பைப் பற்றி எதுவும் அறியாத ஒருவரிடம், பாட்டியிடமோ தம்பியிடமோ பேசிக் காட்டலாம். அவர் எங்கே புருவத்தைச் சுருக்குகிறாரோ, அங்கே பேச்சைத் திருத்த வேண்டும்.

பேச்சு எப்போது முடிகிறது?

தமிழ்மொழி விழாவில் நடக்கும் பேச்சுப் போட்டிகளில் கணீரென்ற குரலுக்கும் அழகிய சொல்லாட்சிக்கும் மதிப்பு உண்டு. அவை வளர்க்கவேண்டிய திறன்களே. ஆனால், இன்று மேடையில் நிற்கும் மாணவர் நாளை மருத்துவராகி, மருந்து உண்ணும் முறையை முதியவருக்கு விளக்கலாம். பொறியாளராகி, பாலத்தில் உள்ள விரிசலைப் பற்றி மேலதிகாரியிடம் எடுத்துரைக்கலாம். கப்பல் பட்டறையில் இருபது பேருக்குப் பொறுப்பேற்கலாம். அப்போது அவருடைய சொல்லை நம்பிச் சிலர் ஒரு செயலில் இறங்குவார்கள்.

பேசுபவர் வாயை மூடியவுடன் பேச்சு முடிந்துவிடுவதில்லை. கேட்டவர் அதைத் தம் சொற்களில் திருப்பிச் சொல்லி, தம் கையால் செய்து முடிக்கும்போதுதான் அது நிறைவு பெறுகிறது. துவாஸில் ஒரு தொட்டியின் வாசலில், எட்டிய கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, சீட்டு மாட்டியிருக்கிறதா என்று பார்க்கும் ஊழியர், காலையில் கேட்ட ஐந்து நிமிடப் பேச்சை அந்த நொடியில் முழுமையாக்குகிறார்.